டோனா வாங்கிக்கொண்ட தாம்பூலத் தட்டு

1

எனக்கு ஒரு ஓட்டு விழுந்திருப்பதாக நகர அலுவலகம் முறைப்படி கடிதம் எழுதியிருந்தது. போட்டியிட்டமைக்கு நன்றி, மக்கள் பணியில் தாங்கள் காட்டிய ஆர்வம் பாராட்டுக்குரியது, தாங்கள் பெற்ற வாக்குகள் ஒன்று. எண்ணிலும் போட்டு எழுத்திலும் போட்டிருந்தார்கள். நல்ல கனமான தாள். கீழே ஒருவர் மையால் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஊரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாள், ஒரே ஒரு ஓட்டு வாங்கிய வேட்பாளரின் படம் எங்கிருந்தாவது பத்திரிகையில் வந்துவிடும். வீட்டில் ஐந்து ஓட்டு இருக்கும்போது ஒன்றுதான் விழுந்ததாம் என்று டீக்கடையில் படித்துச் சிரிப்பார்கள். திண்டிவனத்தில் படித்த காலத்தில் நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்த மனிதர் அன்று ராத்திரி வீட்டில் எப்படிச் சாப்பிட உட்கார்ந்தார், பெண்டாட்டி பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்களா என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

என் விஷயத்தில் ஒரு கூடுதல் சிறப்பு உண்டு. அந்த ஒரு ஓட்டையும் நான் போடவில்லை. ஓட்டுப் போடவே நான் போகவில்லை.

2

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு நடுத்தர ஊர். பெயரைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வால்வு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. காலை ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுவேன். மனைவி வசந்தி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். பள்ளி ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறது. என் தொழிற்சாலை இந்தக் கோடியில். மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலேயே ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. ஒரு கம்பம், ஒரு பலகை, உட்கார ஒரு பெஞ்சு. போன வருஷம் இலை உதிரும் காலத்தில் ஒருநாள் பெஞ்சைக் காணவில்லை. அடுத்த வாரம் பலகையையும் காணவில்லை. கம்பத்தில் ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது. பயண நேரத்தைக் குறைப்பதற்காக இந்த நிறுத்தம் எடுக்கப்படுகிறது, பயணிகள் அருகிலுள்ள நிறுத்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் என்று இருந்தது. அருகிலுள்ள நிறுத்தம் கால் மணி நேர நடை. நடுவில் ஆறு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகிற சாலை ஒன்றைத் தாண்ட வேண்டும்.

வசந்திக்குக் கார் ஓட்ட வராது. இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தேறவில்லை. மூன்றாவது முறை வேண்டாம் என்றவன் நான். பஸ்தான் வாசலில் வந்து நிற்கிறதே, உனக்கு எதற்குக் கார் என்று சொன்னவனும் நான்தான். ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு நேரத்துக்குத் தயாராகும். ஜனவரியில் அந்தப் புது நிறுத்தத்துக்குப் போகிற வழியில், பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் கட்டுப் போட்டு வீட்டில் இருந்தாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் போடாமல் வைத்திருந்தது மேலாளரின் நல்ல மனசு. இன்னொரு முறை விழுந்தால் அந்த வேலை இருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

பேசாமல் வேலையை விட்டுவிடேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். வசந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தோடு அந்த யோசனையை மடித்து வைத்துவிட்டேன்.

நகராட்சிக்கு இரண்டு மனு எழுதினேன். இரண்டுக்கும் பதில் வந்தது. தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டுள்ளது என்ற ஒரே வாக்கியம்தான் இரண்டிலும். எங்கே பதிவு செய்தார்கள், அதை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று எழுதவில்லை.

3

இந்தச் சமயத்தில்தான் நகராட்சி புதிதாக ஒரு கமிஷன் அமைப்பதாக அறிவித்தது. தமிழில் மக்கள் பங்கேற்பு ஆணையம் என்று சொல்லலாம். கேட்டால் ஏதோ துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க வந்தது போல இருக்கிறது. உண்மையில் எளிமையான விஷயம். ஊரைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக்கொள்வது. பேட்டைக்கு ஒருவரை அங்கே குடியிருக்கிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. ரோட்டைத் தோண்டுவதற்கு முன்னால், பூங்காவை மூடுவதற்கு முன்னால், பஸ் நிறுத்தத்தைப் பிடுங்குவதற்கு முன்னால், அந்தப் பேட்டை ஜனங்களை விசாரித்து வந்து நகராட்சிக்குச் சொல்வது அவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அதிகாரமும் கிடையாது. சிபாரிசு செய்யலாம். இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களும் நிற்கலாம். பதினாறு வயது ஆனவர்கள் ஓட்டுப் போடலாம். அந்தப் பேட்டையில் குடியிருந்தால் போதும்.

குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். என்னிடம் கரண்டு பில், தண்ணீர் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. ஓட்டர் பட்டியலில் சேர்ப்பதற்காக வசந்தியின் பெயரில் ஒரு தாளைத் தேடினேன். பதினேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற வீட்டில் அவள் பெயரில் ஒரு ரசீது இல்லை. கடைசியில் அவளே பள்ளிக்கூடத்துச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இதுல அட்ரஸு இருக்குது, போதுமா பாருங்க" என்றாள். போதுமாக இருந்தது.

நான் விண்ணப்பம் போட்டேன். எதற்காகப் போட்டியிடுகிறீர்கள் என்று கேட்டிருந்த இடத்தில், என் மனைவியின் பஸ் நிறுத்தத்துக்காக என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பொதுப் போக்குவரத்தின் மேம்பாடு என்று எழுதினேன்.

எங்கள் பேட்டையில் இரண்டே பேர்தான் நின்றோம். இன்னொருவர் டோனா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு தெரு தள்ளித் தனி வீட்டில் ஒரு கிழட்டு நாயுடன் இருக்கிறார். வீட்டு முன் புல்வெளியில் தன் பெயர் எழுதிய சின்னப் பலகை ஒன்றை நட்டு வைத்திருந்தார். பிரசாரம் என்று நான் பார்த்தது அவ்வளவுதான்.

4

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அண்ணன் ஏழுமலை எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர். தவறு, தலைவர் அண்ணி. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் அண்ணன், அண்ணி அஞ்சலையின் பெயரில் மனுத்தாக்கல் செய்தார். எதிரில் இன்னொரு பங்காளி வீட்டுக்காரர் தன் மனைவி பெயரில் போட்டிருந்தார். நின்று மோதினால் ஊர் இரண்டாகும் என்று பெரியவர்கள் சொல்லவே, அண்ணன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, தட்டில் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனார். விலகிக்கொள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் நிற்கிற வரிசையைப் பற்றிப் பேசினார்கள். அரை மணி நேரம் கழித்து அந்த மனிதர் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். மறுநாள் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். அன்னபோஸ்ட். போட்டியில்லாமல் ஜெயிப்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

அந்த நேரத்தில் அண்ணி கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தாராம். அண்ணன் அங்கேயே போய், "நீ பிரசிடென்ட் ஆயிட்ட" என்று சொன்னாராம். "சரி, ஆளுங்களுக்குச் சோறு எடுத்துக்கினு வந்தியா?" என்றாராம் அண்ணி.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது பஞ்சாயத்து அலுவலகத்தைப் பார்த்தேன். மேஜைமேல் அண்ணி பெயர் எழுதிய பலகை. நாற்காலியில் அண்ணன்.

"இது யாரு சேருண்ணா?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுதுதான்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

திரும்பி வந்து இதை நண்பர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பெண்களுக்கு இடம் கொடுத்தும் பேச விடாத தேசம் என்று பெரிய வார்த்தைகள் எல்லாம் பேசியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட அண்ணனிடம்தான் இப்போது ஆலோசனை கேட்டேன்.

"இன்னாடா கொமரு, அமெரிக்காவுல கவுன்சிலருக்கு நிக்கிறியாமே?"

"கவுன்சிலர் இல்லண்ணா. ஜனங்களக் கேட்டுச் சொல்ற கமிட்டி."

"சம்பளம்?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குடா இந்தப் பேஜாரு?"

பஸ் நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் உடனே காரியத்தில் இறங்கிவிட்டார்.

"எதிர்ல யாரு?"

"ஒரு அம்மா. போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க."

"அவங்க ஊட்டுக்காரரப் பாத்துப் பேசிடு."

"ஊட்டுக்காரர் இல்லண்ணா. தனியா இருக்காங்க."

இப்படி ஒரு சிக்கலை அவர் அரசியல் வாழ்வில் சந்தித்ததில்லை.

"சரி, அந்த அம்மாகிட்டயே குடு. ஆனா நீ குடுக்காத. வசந்தியக் கூட்டிக்கினு போயி அது கையால குடுக்கச் சொல்லு. இந்த தபா நாங்க, அடுத்த தபா நீங்கன்னு பொத்தாம் பொதுவா சொல்லு. தட்ட வாங்கிக்கினாங்கன்னா முடிஞ்சிது. ஜல்தியா ஊட்டுக்கு வந்து படுத்துத் தூங்கு."

5

இந்தியக் கடையில் வெற்றிலை வாடிப்போயிருந்தது. அதில் நல்லதாக ஐந்து பொறுக்கினேன். தேங்காய் குடுமி இல்லாமல் மொட்டையாகத்தான் கிடைத்தது. ஆப்பிள், வாழைப்பழம், ஒரு பெட்டி மைசூர்பாகு. எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தியைக் கிளப்பினேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள்.

"அக்கம்பக்கம், ஒரு மரியாதைக்கு" என்றேன். முழு விவரத்தை அவளிடமும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் அண்ணியிடம் சொல்லிவிட்டா செய்தார்?

டோனா கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். உள்ளே அழைத்தார். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். நாய் என் காலை மோந்து பார்த்துவிட்டு வசந்தியின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் முறைப்படி மழையிலிருந்து தொடங்கினேன். மழை இல்லாததால் பனியைப் பற்றிப் பேசினேன். பிறகு, நாம் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், நமக்குள் சண்டை கூடாது, எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் என்றேன். டோனா, மிகச் சரி, இந்தக் காலத்தில் அரசியலில் இப்படி யார் பேசுகிறார்கள் என்று நெகிழ்ந்துபோனார். நாங்கள் எதற்காக வந்தோம் என்பது உங்களுக்கே தெரியும் என்று கடைசியாக ஒரு வார்த்தை சொன்னேன். தெரியும், தெரியும், மிகவும் நன்றி என்றார்.

வசந்தி எழுந்து தட்டை நீட்டினாள். டோனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு சம்மதம் கிடையாது. கல்யாணம் நிச்சயமாவதும் இப்படித்தான், பங்காளிச் சண்டை தீர்வதும் இப்படித்தான். இந்த அம்மாள் எங்கள் வழக்கத்தில் பிறக்காவிட்டாலும் பெரிய மனுஷி என்று காரில் வரும்போது வசந்தியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

6

குடியிருப்பில் நம்மவர்கள் ஒன்பது குடும்பங்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தகவல் சொன்னேன். வேலை நாளில் ஓட்டுப் பதிவு, யாரும் சிரமப்பட வேண்டாம், அன்னபோஸ்ட் ஆகிவிட்டது என்றேன். கைகொடுத்தார்கள். ஒருவர் கேக் வெட்டலாம் என்றார். பதவிக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கமாகச் சொன்னேன்.

டோனாவின் புல்வெளியில் பெயர்ப் பலகை அப்படியேதான் இருந்தது. எங்கள் ஊரிலும் வாபஸ் வாங்கிய பிறகு சுவரில் எழுதியதை யார் அழிக்கிறார்கள்? வெயிலும் மழையும் அழித்தால்தான் உண்டு. வேட்பாளர் பட்டியல் என்று நகராட்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் இரண்டு பெயரும் இருந்தன. பழைய பட்டியலைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். மனுஷன் நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் எதையும் நம்புவான். அந்தக் கலையில் நான் நன்றாகவே தேர்ந்திருந்தேன்.

இடையில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது மேஜைமேல் எங்கள் எவர்சில்வர் தட்டு இருந்தது. டோனா வந்து கொடுத்துவிட்டுப் போனதாக வசந்தி சொன்னாள். தட்டில் வாழைப்பழம் போட்டுச் சுட்ட கேக்கு ஒரு துண்டு இருந்தது. வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எனக்கு நம்பிக்கை இன்னும் உறுதியானது.

ஓட்டுப் பதிவு வசந்தி வேலை செய்கிற பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அன்று மத்தியானம் வேலை முடிந்து வந்து, அண்ணன் சொன்னபடியே படுத்துத் தூங்கினேன்.

7

கடிதம் வந்த சாயங்காலம் மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். வசந்தி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு ஓட்டு என்று மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

"அது என்னோடதுப்பா" என்றாள் இனியா, போனிலிருந்து தலையைத் தூக்காமல். பள்ளி விட்டதும் சிநேகிதிகளுடன் போய்ப் போட்டிருக்கிறாள்.

மகள் அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை.

"தேங்க்ஸ்டா" என்றேன்.

"டோனாதான் நல்லா பண்ணுவாங்க. பட் அவங்களுக்கு என் ஓட்டு தேவைப்படல. யாருக்கும் ஜீரோ வரக் கூடாதுப்பா. இட்ஸ் ஸேட்."

மகள் பரிதாபப்பட்டிருக்கிறாள். தெருவில் பாடுகிறவர்களுக்குச் சில்லறை போடுகிறவள்தான் அவள். அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"நீயும் போட்டியா?"

"போட்டேன்." தோசையைத் திருப்பிப் போட்டாள். "அவங்களுக்குத்தான் போட்டேன்."

"ஏன்?"

வசந்தி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தட்டுக் குடுக்க வந்தாங்க இல்ல, அன்னிக்கி என் கைய பாத்துட்டு இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. எந்த பஸ்ஸு, எத்தினி மணிக்கு, எந்த எடத்துல விழுந்தீங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு கேட்டாங்க. மறுநாளு காலையில நான் கீழ எறங்குனா, ஷூவ மாட்டிக்கினு நிக்கிறாங்க. என்கூடவே நடந்து அந்த ஸ்டாப்பு வரைக்கும் வந்தாங்க. சிக்னல் எத்தினி நேரம் நிக்குது, எங்க வழுக்குது, எல்லாம் நோட்டுல எழுதிக்கினாங்க. நாலு நாளு வந்தாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க அன்னபோஸ்ட்டு அன்னபோஸ்ட்டுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. அது வேற, இது வேறன்னு நெனச்சிக்கினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க எனக்காகத்தான் நின்னீங்க. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஒரு நாளு அந்த ரோட்ட என்கூட தாண்டுனதில்லீங்க."

நான் அன்று சாப்பிடவில்லை. அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் வீம்புதான் அது. பெண்டாட்டியே எதிராளிக்கு ஓட்டுப் போட்டாள் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று மனம் எண்ணாயிரம் மைல் தள்ளிப் போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டது. அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அகப்படவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்த தினுசு ஞாபகம் வந்தது. அவரிடம் ஒரு நேர்மையாவது இருந்தது. அந்த நாற்காலி தன் வீட்டுடையது என்று ஒப்புக்கொண்டார். நான் வசந்திக்காக என்று சொல்லிக்கொண்டு அதே நாற்காலியைத் தேடிப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னேன். தோற்றதைவிட அவருக்கு வேறொன்றுதான் ஜீரணமாகவில்லை.

"தட்ட வாங்கிக்கினு எதிர்ல நின்னாங்களா? இன்னாடா ஊரு அது!"

8

கமிஷனின் முதல் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம் என்றார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். டோனா வசந்தியிடம் வந்து பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வசந்தி சரி என்றாள். நான் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, திருத்தி, தட்டச்சு செய்து, அவள் பேச வராமல் திணறினால் எழுந்து படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் உதவி என்றிருப்பேன்.

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா. வசந்தி அதைத் தானே எழுதினாள். எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்து நீலச் சட்டையோடே போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். மேடையில் பேட்டைக்கு ஒருவராக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டோனா கடைசியில் இருந்தார். மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது வேண்டுமா என்று குமாஸ்தாப் பெண் கேட்டாள். பழக்கதோஷம், நான் பாதி எழுந்துவிட்டேன்.

வசந்தி திரும்பிப் பார்த்தாள். "நீங்க உக்காருங்க" என்றாள் ஒலிபெருக்கியில். கூடம் முழுவதும் கேட்டது. இனியா ஒருத்திக்குத்தான் புரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உட்கார்ந்தேன்.

அவள் பேசியது அவளுடைய ஆங்கிலம். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. என் பெயர் வசந்தி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன், ஆறேகால் பஸ்ஸில் போகிறேன் என்று தொடங்கினாள். நிறுத்தத்தை எடுத்தது, சாலையைத் தாண்டுவது, விழுந்தது எல்லாவற்றையும் ஐந்தாறு வாக்கியங்களில் முடித்துவிட்டாள். இனி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தொடர்ந்து பேசினாள்.

என் ஊர் கண்டமங்கலம் பக்கம் என்றாள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு நாங்கள் பன்னிரண்டு பெண்கள் துணிக்கடை வேலைக்குப் போவோம். ஒரு சமயம் பஸ்களை வேகமாக விடுகிறோம் என்று சொல்லி எங்கள் ஊரில் நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். போய்ச் சொன்னோம். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு பன்னிரண்டு பேரும் ரோட்டின் குறுக்கே நின்றோம். பஸ் நின்றது. டிரைவர் கத்தினார். மறுநாளும் நின்றோம். மூன்றாம் நாள் டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலை என்று எங்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் நின்றது. இந்த ஊரில் ரோட்டின் குறுக்கே நிற்க மாட்டேன், இங்கே வண்டிகள் ரொம்ப வேகம். அதனால் உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன்.

கூடத்தில் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். இரண்டு நிமிஷத்துக்கான மணி அதற்கப்புறம்தான் அடித்தது. சட்டைப் பையில் இருந்த தாளை நான் எடுக்கவே இல்லை. கைதட்டினேனா என்று கூட நினைவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்தக் கதையை நான் அன்றுதான், முன்பின் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து, முதல்முறையாகக் கேட்டேன்.

நிறுத்தத்தைத் திரும்ப வைக்கும்படி கமிஷன் சிபாரிசு செய்தது. குளிர்காலத்துக்கு முன் பரிசீலிப்பதாக நகராட்சி பதில் எழுதியிருக்கிறது. வைக்கலாம், வைக்காமலும் போகலாம். அதுவரை காலையில் வசந்தியை அந்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போகலாம் என்று என் வேலை நேரத்தை அரை மணி தள்ளிக் கேட்டிருக்கிறேன், அதுவும் பரிசீலனையில் இருக்கிறது.

அன்று கூட்டம் முடிந்து காரில் வரும்போது இனியா பின்னால் உட்கார்ந்திருந்தாள். போனைக்கூட எடுக்கவில்லை.

"பஸ்ஸ மறிச்ச கதைய எங்கிட்ட ஒரு தபா கூட சொன்னதில்லியே, வசந்தி" என்றேன்.

"அதுவா? பொண்ணு பாக்க வந்தப்போ உங்க அண்ணன் கேட்டாரு, பொண்ணு வேலைக்குப் போவுதான்னு. போய்க்கினு இருந்துச்சு, இப்ப நிறுத்திட்டோம்னு எங்கப்பா சொன்னாரு. நல்லதுன்னு சொன்னாரு உங்க அண்ணன். அதோட அந்தப் பேச்சே முடிஞ்சிபோச்சு. அப்புறம் யாரும் கேக்கலீங்க."

சிக்னலில் நின்றோம். அந்த ஆறு வண்டிச் சாலைதான். எதிர்ப்பக்கம் ஒரு பெண் கையில் பையோடு தாண்டுவதற்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு வரும்போது பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லாம? கை காலெல்லாம் நடுங்குச்சு."

"யாரு முன்னால நின்னது?"

"நான்தான்" என்றாள் வசந்தி.